மூன்றாம் தட்டு

வரும்போதே முகத்தில் தெரிந்துவிடும்.
கையில் துண்டுச் சீட்டு,
எழுத்துக் கூட்டும் உதடு,
சட்டை மடிப்பில் இன்னும் கிரீஸ் ஏறியிருக்காது.
"அண்ணே, இண்டிகேட்டர் ஆயில், அரை லிட்டர்."

ஷுவைக்கில் ஆகஸ்ட் மாதம்
பதினொன்றிலிருந்து நாலு வரை
டெலிவரி பைக்குகள் ரோட்டில் இறங்கக் கூடாது.
ஓடாத வண்டிகள் ஒர்க்‌ஷாப் வாசலில்,
ஓடாத மூளைகள் உள்ளே.
அப்போதுதான் ஜோமோனுக்கு எல்லாம் தேவைப்படும்.
சைலன்சருக்குள் போடுகிற பேரிங்.
இடது கைக்காரனுக்கான பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.
டயரில் கெட்டுப்போன கோடைக் காற்றுக்குப் பதிலாக
ஒரு வாளி குளிர்காலக் காற்று.
முயல் கொம்பும் ஆமை மயிரும் கேட்பான்,
எந்த மாடலுக்கு என்று மட்டும் எழுத மாட்டான்.

நான் 'இல்லை' என்பதில்லை.
ஈரான்காரர் கடையில் இருக்கும் என்பேன்.
அவர் மேல்தட்டுவரை ஏணி போட்டுத் தேடிவிட்டு
"நேற்றுத்தான் தீர்ந்தது" என்பார்.
எதிர்ச்சாரி மிலன் மியா
ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று விசாரித்து
திருப்பி என்னிடமே அனுப்புவார்.
நாற்பத்தெட்டு டிகிரி வெயில்.
நாலு மொழியில் ஒரே சிரிப்பு.

ஒருநாள் எனக்கு மனசாட்சி உறுத்தியது.
வியாபாரப் புத்தி என்றும் சொல்லலாம்.
மூன்றாம் தட்டில் சரக்கையே வைத்துவிட்டேன்:
தண்ணீரில் ரோஸ்மில்க் எசன்ஸ்,
பாட்டில் கால் தினார்.
லேபிளில், 'மழையில் பயன்படுத்த வேண்டாம்.'
கம்ப்யூட்டரில் ஐட்டம் நம்பர்கூட உண்டு.
டிசம்பரில் ஸ்டாக் எடுக்க வந்த எகிப்துக்காரர் ஹம்தி
இரண்டு தடவை எண்ணினார்.
எண்பத்தாறு இருக்க வேண்டும், எழுபத்தொன்பது இருக்கிறது.
ஏழு பாட்டிலுக்கும் என் சம்பளத்தில் பிடித்தார்.
அவருக்கு இந்த ஜோக்கை
யாரும் சொல்லியிருக்கவில்லை.

தவசிலிங்கம் வந்தது போன வாரம்.
விளாத்திகுளம். வந்திறங்கி ஒன்பது நாள்.
பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்,
குலுக்கினான், மூடி திறந்து மோந்தான்.
"அண்ணே, இது ரோஸ்மில்க்."
"ஆமா."
"எல்லாருக்கும் தெரியுமா?"
"உனக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
ஏசிக்குக் கீழே செயின் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து
பர்ஸிலிருந்து இன்னொரு தாளைப் பிரித்தான்.
"அப்ப இதையும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

சீனியர் டெக்னீஷியன்.
மாசம் இருநூற்று இருபது தினார்.
தங்குமிடம் இலவசம், ஓவர்டைம் தனி.
அடியில் மதுரை ஏஜெண்டின் பச்சை முத்திரை,
ஒன்றே கால் லட்சத்துக்கு அழுத்தமாகவே குத்தியிருந்தான்.
இங்கே கைக்கு வருவது தொண்ணூறு
என்று அவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
என் தாள் பத்தொன்பது வருஷமாய்ப் பெட்டிக்குள் கிடக்கிறது.
அதில் நான்
ஸ்டோர் மேனேஜர்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
எந்தக் கடைக்கு அனுப்புவது இவனை?
"நேற்றுத்தான் தீர்ந்தது" என்று
பழக்க தோஷத்தில் வாய்வரை வந்துவிட்டது.

அவனே தாளை வாங்கி
அதே மடிப்பில் மடித்தான்.
பிறகு பாட்டிலை அண்ணாந்து பாதி குடித்தான்.
"சீனி பத்தல. பில்லை ஜோமோன் பேர்ல போடுங்க.
ரெண்டு பாட்டில்னு போடுங்க."

நாலு மணிக்கு வண்டிகள் கிளம்பின.
ரவுண்டானா திருப்பத்தில் ஒவ்வொன்றும்
ஒரு சொட்டு ஆயில் இல்லாமல்
கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனது.
நான் கம்ப்யூட்டரில் இரண்டு கழித்தேன்.
தட்டில் ஒன்றுதான் குறைந்திருந்தது.
டிசம்பரில் ஹம்தி வருவார்,
எண்ணட்டும்.